மொன்றியலுக்கு இரண்டு இரவு, கியூபெக் சிட்டிக்கு மூன்று

கேள்வி: ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் (Markham) நகரில் இருக்கிறோம். நான், கணவர், 8, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் நோவுள்ள மாமி. ஜூலை கடைசி வாரம் 6 நாள் லீவில் காரிலேயே மொன்றியலும் கியூபெக் சிட்டியும் பார்க்க ஆசை. ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது, மாமி சைவம். நாட்களை எப்படிப் பிரிப்பது?

பதில்: நாட்களைப் பிரிப்பது இருக்கட்டும், முதலில் திகதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஜூலையின் பின்பாதியில் இரண்டு வாரம் கியூபெக்கில் கட்டுமானத் தொழிலாளர் பெரும்பாலோருக்கும் ஒரே நேரத்தில் லீவு, அவர்களோடு சேர்ந்து மாகாணத்தில் ஏராளமானோர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், ஹோட்டல் விலையும் ஏறிவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் போனால் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும், ஒன்ராறியோவில் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினம் முடிந்துதான் தொடங்கும். அந்த இடைவெளி உங்களுக்காகவே விட்டுவைத்த மாதிரி.

சரி, பயணம். மார்க்கத்திலிருந்து கியூபெக் சிட்டி ஏறத்தாழ 800 கிலோமீட்டர், மாமியின் முழங்காலை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓட வேண்டாம். போகும்போது மொன்றியலில் ஒரு இரவு, பிறகு கியூபெக் சிட்டியில் மூன்று, திரும்பும்போது மறுபடி மொன்றியலில் ஒன்று. இரண்டு நகரத்துக்கும் இடையில் 250 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் போதும். மொன்றியல் பெரிய ஊர் ஆயிற்றே, அதற்கல்லவா கூட நாள் வேண்டும் என்பார்கள். பெரிய ஊர் உங்களுக்கு ரொறன்ரோவிலேயே இருக்கிறது. 4.6 கிலோமீட்டர் கோட்டை மதிலுக்குள் இன்னமும் ஆட்கள் குடியிருக்கும் ஊர்தான் இல்லை.

1608-இல் சாம்ப்ளெயின் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஊர் கியூபெக் சிட்டி, மேல்நகரம், கீழ்நகரம் என்று இரண்டு தட்டாக இருக்கும். ஹோட்டலை மேல்நகரத்தில், கார் நிறுத்த இடத்தோடு எடுங்கள், எடுத்தபின் கார்ச் சாவியைத் தொடாதீர்கள். ஷாத்தோ ஃபுரோந்தனாக் ஹோட்டலுக்கு முன்னால் ஆற்றைப் பார்த்தபடி நீண்ட மரப்பலகை நடைபாதை இருக்கிறது, சமதரை, நிறைய வாங்குகள், மாமிக்கு அங்கேயே ஒரு மாலை போய்விடும். கீழே இறங்கப் பிள்ளைகள் 'கழுத்து முறிக்கும் படிகள்' என்ற பெயர் கொண்ட படிக்கட்டில் ஓடட்டும், மாமி 1879-இலிருந்து இருக்கும் ஃபியூனிக்குலர் பெட்டியில், அதாவது சரிவில் கம்பிவடம் இழுக்கும் பெட்டியில், சில டொலர் கொடுத்து இறங்கலாம். கீழ்நகரத்தில் பிளாஸ் ரோயால் என்ற பழைய சதுக்கத்தைச் சுற்றிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஆற்றின் அக்கரையிலுள்ள லெவிக்குப் போகும் படகில் ஏறுங்கள். உல்லாசப் படகு இல்லை, வேலைக்குப் போகிறவர்களின் படகு, அக்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். திரும்பி வரும்போது மலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும், அதைக் காட்டத்தான் மற்றப் படகுகள் அதிகம் காசு வாங்குகின்றன.

ஒரு அரைநாள் மட்டும் காரை எடுத்து மொன்மொரன்சி அருவிக்குப் போய் வாருங்கள். 83 மீட்டர், நயாகராவை விட 30 மீட்டர் உயரம், ஆனால் அகலம் கொஞ்சம், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே போக கேபிள் கார் உண்டு.

மொன்றியலில் பழைய நகரத்துக்கு ஒரு காலைநேரம். நோத்ர-டாம் தேவாலயம், 1642-இல் ஊர் தொடங்கிய இடத்தின் மேலேயே கட்டிய புவாந்த்-அ-கலியேர் அருங்காட்சியகம், இவை இரண்டும் போதும். திரும்பும் நாள் புனித சூசையப்பர் ஆலயம். நேர்த்திக்காக முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்று 99 மரப்படிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், நம் சைவ சமயத்தவர்களும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவதுண்டு. மாமிக்கு நகரும் படிக்கட்டு இருக்கிறது, பயம் வேண்டாம்.

காரில் கவனிக்க இரண்டு விஷயம். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது, ஒன்ராறியோப் பழக்கத்தில் கால் தானாகப் பிரேக்கை விட்டுவிடும். அடுத்தது, தெருவோரத்தில் நிறுத்துவது. ஒரே கம்பத்தில் மூன்று பலகை இருக்கும், ஒன்றில் மணி, ஒன்றில் பிரெஞ்சில் கிழமை, ஒன்றில் குடியிருப்போருக்கு மட்டும் என்று. நான் ஒருமுறை மேலிருந்த இரண்டை வாசித்துவிட்டுப் பெருமையோடு நடந்தேன், திரும்பி வந்தபோது கண்ணாடியில் தண்டச் சீட்டு.

மொழி பெரிய பிரச்சினையே இல்லை. 'போன்ஷூர்' என்று தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். பூட்டின் என்ற கியூபெக் சாப்பாடு வெறும் உருளைக்கிழங்கும் சீஸும் என்று நினைப்போம், மேலே ஊற்றும் கிரேவி அநேகமாக இறைச்சிச் சாறு. பட்டாணி சூப்பிலும் பன்றித் துண்டு கிடக்கும். 'சான் வியாந்த், சான் புவாசோன்', அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மொன்றியலில் தேன் கலந்த தண்ணீரில் அவித்து விறகு அடுப்பில் சுடும் எள் பேகலை, அதாவது வளைய ரொட்டியை, பை நிறைய வாங்கி வையுங்கள், இரண்டு காலைச் சாப்பாடு அதோடு முடிந்தது. கடைசி நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், தீவின் மேற்குப் பக்கம் டொலார்-தெ-ஓர்மோவில் முருகன் கோயில் இருக்கிறது, பூசை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கிளம்பினால் மாமியும் சந்தோஷமாகக் காரில் ஏறுவார்.