பௌர்ணமி, அமாவாசைக்கும் நிலநடுக்கம், சுனாமி, மனநிலைக்கும் தொடர்பு உண்டா?

"2004 சுனாமி பௌர்ணமி அன்றுதான் வந்தது. மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அமாவாசையில் கூடுகிறது என்கிறார்கள். எவ்வளவு உண்மை?" என்பது கேள்வி.

கடல் மட்டத்தில் நிலாவின் பங்கு உண்டு, கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நிலநடுக்கத்தில் இருந்தாலும் மிகச் சொற்பம். மனநிலையில் பார்க்க வேண்டியது தூக்கத்தை.

முதலில் நிலநடுக்கம். சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் வந்த 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். லாத்தூர் (1993 செப்டம்பர் 30) நிலநடுக்கமும் பௌர்ணமியில். பூஜ் (2001 ஜனவரி 26) அமாவாசை கழிந்து 2 நாளில், துருக்கி (2023 பிப்ரவரி 6) பௌர்ணமிக்கு மறுநாள். இப்படி அடுக்கினால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஆனால் ஜப்பான் (2011 மார்ச் 11), நேபாளம் (2015 ஏப்ரல் 25) இரண்டும் அரைநிலாவை ஒட்டி வந்தவை. அவற்றை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

சிக்கல் "ஒட்டி" என்பதில் இருக்கிறது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு 29.5 நாள். பௌர்ணமி, அமாவாசை இரண்டுக்கும் முன்பின் 3 நாள் விட்டுக்கொடுத்தால் 14 நாள் உள்ளே வந்துவிடும், கிட்டத்தட்ட பாதி மாதம். முன்பின் ஒரே நாள் என்று சுருக்கினாலும் 6 நாள், அதாவது 20 சதவீதம். எத்தனை நாள் வரை கணக்கில் எடுப்போம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பிறகுதான் பட்டியலைத் திறக்க வேண்டும். அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர் சூசன் ஹஃப் 17ஆம் நூற்றாண்டு முதல் பதிவான, 8 ரிக்டருக்குக் குறையாத 204 நிலநடுக்கங்களை எடுத்துச் சோதித்தார். 2018இல் வந்த அந்தக் கட்டுரையின் சுருக்கம் ஒரே சொல்: "இல்லை."

நிலா பாறையில் ஏற்படுத்தும் அழுத்தம் சில கிலோபாஸ்கல். நிலநடுக்கத்தில் விடுபடுவது மெகாபாஸ்கல் கணக்கில், ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சதோஷி இடே குழு 2016இல் வேறு வழியில் பார்த்தது. திதியை விட்டுவிட்டு, நிலப் பிளவின் மேல் விழும் ஓத அழுத்தத்தையே (கடலில் ஏற்றவற்றம் உண்டாக்கும் அதே இழுப்பால் வரும் அழுத்தம்) கணக்கிட்டார்கள். அது உச்சத்தில் இருக்கும்போது சிறு அதிர்வு பெரிதாக வளரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பது முடிவு. கவனிக்க வேண்டிய ஆய்வுதான். ஆனால் எந்த ஊரில், எந்த நாளில் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அப்படி வாட்ஸ்அப்பில் வரும் தேதிகளை நம்பி வீட்டைவிட்டு வெளியே படுக்க வேண்டாம்.

கடல் விஷயம் வேறு. புயல் வரும்போது வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் "வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல் 1 மீட்டர்" என்பதுபோல் ஒரு வரி இருக்கும். பலர் அந்த 1 மீட்டரை மட்டும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தின் ஓத உயரத்தையும், அதாவது ஏற்றவற்றத்தால் கடல் நிற்கும் உயரத்தையும், அதோடு கூட்ட வேண்டும். சென்னையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஏறத்தாழ 1 மீட்டர். ஆகவே திதியைவிட, புயல் எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் முக்கியம். 2012 அக்டோபர் 29 பௌர்ணமி இரவில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பேட்டரி பகுதியில் கடல், வழக்கமான தாழ்ந்த வற்ற மட்டத்திலிருந்து 14 அடிக்கு ஏறியது. அதில் புயலின் பங்கு 9 அடிக்குச் சற்று மேல். மீதி, அந்த நேரத்து ஏற்றம். ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் ஏற்ற நேரத்தில் வெள்ளம் கடலில் வடிவது மந்தமாகும். மணல் திட்டு அடைத்திருந்தால் இன்னும் மோசம். கரையோரம் இருப்பவர்கள் புயல் கரை கடக்கும் நேரத்தையும் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி மனநிலை. "உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அதையும் நிலா இழுக்கும்" என்ற வாதம் நிற்காது. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 12,700 கிலோமீட்டர் இருப்பதால், நிலாவின் இழுப்பு இரு பக்கமும் வேறுபடுகிறது, ஓதம் எழுகிறது. தலைக்கும் காலுக்கும் இடையே அந்த வேறுபாடு புவியீர்ப்பில் 30 லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. சந்திராஷ்டமத்துக்கும் இது உதவாது: ஒரே அறையில் உள்ள இரண்டு ராசிக்காரர்களையும் நிலா ஒரே அளவில்தான் இழுக்கிறது. 1985இல் ராட்டன், கெல்லி இருவரும் 37 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், நடத்தை மாற்றங்களில் நிலாவின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே.

தூக்கத்தில் மட்டும் ஏதோ இருக்கிறது. அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்களிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் தாமதமாகவும் குறைவாகவும் தூங்குவது தெரிந்தது. இருமுனைக் கோளாறு (மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோய்) உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் மனஎழுச்சி கிளம்பும் என்பதால் இது அற்பமல்ல.

வீட்டில் ஒருவருக்கு அமாவாசையில் கூடுவதாகத் தோன்றினால், திதி அச்சிடாத நோட்டில் 3 மாதம் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், மாத்திரை கொடுத்தது, நடந்தது என்ன. நல்ல நாளையும் எழுத வேண்டும்; மோசமான நாளை மட்டும் எழுதினால் கணக்கு கெடும். திதியை 3 மாதம் முடிந்த பிறகே குறியுங்கள். 10 மோசமான நாளில் 2 நாள் பௌர்ணமி, அமாவாசைக்கு முன்பின் ஒரு நாளுக்குள் விழுவது இயல்பு. அதைவிடத் தெளிவாகக் கூடினால், அன்று விரதமா, இரவு முழுக்கக் கோயிலில் கண்விழிப்பா, வெறும் வயிறு என்று மாத்திரை விட்டுப்போனதா என்று பாருங்கள். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மாத்திரை எடுப்பவர் விரதத்தில் தண்ணீரையும் உப்பையும் குறைத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.