9,000 அடி நடந்தும் போதாதா?

கேள்வி: எனக்கு வயது 44. அலுவலகம், வீடு என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன். கைக்கடிகாரம் தினமும் 9,000 அடிக்குக் குறையாமல் காட்டுகிறது. டாக்டரோ உடற்பயிற்சி போதாது என்கிறார். இதற்கு மேல் எங்கே போய் நடப்பது?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம்தான், டாக்டர் சொல்வதும் நியாயம்தான். 9,000 என்பது எத்தனை அடி என்கிற கணக்கு. எவ்வளவு வேகமாக வைத்தீர்கள் என்பது அதில் இல்லை.

நாளைக்கு வீட்டு வேலைக்கு நடுவே ஒரே ஒரு நிமிடம் அடிகளை எண்ணிப் பாருங்கள். அடுப்பிலிருந்து தொட்டிக்கு மூன்று அடி, அங்கே நிற்க வேண்டும். திரும்பி அலமாரிக்கு நாலு அடி, மறுபடி நிற்க வேண்டும். கூட்டினால் நாற்பதோ ஐம்பதோ வரும். அதையே பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது எண்ணினால் 100-ஐத் தாண்டும். மிதமான உழைப்பு என்பது நிமிடத்துக்குச் சுமார் 100 அடியில்தான் தொடங்குகிறது. ஆள் அதே ஆள்தான், ஆனால் வீட்டுக்குள் கால் வேகம் எடுப்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. அலுவலகத்திலும் இதே கதைதான், கூட வருபவர் பேசிக்கொண்டே நடக்கும் வேகம்தான் உங்கள் வேகம். (தரையை அழுத்தித் துடைப்பதெல்லாம் வேறு, அது நிஜமாகவே உழைப்பு.)

லண்டன் மாடி பஸ்களில் 1950-களுக்கு முன்பே தொடங்கிய ஓர் ஆய்வு உண்டு. நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அவர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து ஏறவில்லை, வேலை செய்த இடம் ஏற வைத்தது. ஆனால் ஓட்டுநர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்புச் சுற்றளவு கூடுதலாக இருந்ததைச் சீருடைக் கால்சட்டை அளவை வைத்துப் பின்னால் கண்டுபிடித்தார்கள், அதனால் எல்லாப் பெருமையும் படிக்கட்டுக்கே போகாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அடிகளைக் கூட்ட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அலுவலகத்தில் லிஃப்டை விட்டுவிடுங்கள். கட்டடத்துக்குள் உடம்பின் முழு எடையையும் தூக்க வைக்கிற இடம் படிக்கட்டு ஒன்றுதான். பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, தடையில்லாத நேர்ப் பாதையில் தனியாக நடங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. உலக சுகாதார நிறுவனம் கேட்பது இந்த வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள், ஆக இரண்டு நிமிடப் படியேற்றமும் சேரும்.

அப்புறம், குடும்பத்தோடு மாலையில் போகிற நடையை விட்டுவிடாதீர்கள், ஆனால் இந்த 150-இல் சேர்க்காதீர்கள். ஏறும்போது நெஞ்சு இறுக்கினால் நிறுத்திவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.