நம்ம ராம்நாடு வெயில்ல மீன் தொட்டி: தண்ணி சூடு பத்தி கேள்வி பதில்

சித்திரை பொறந்ததுலேருந்து ஆளாளுக்கு ஒரே விஷயத்த வேற வேற மாதிரி கேக்குறீங்க, அதனால மொத்தமா ஒரே எடத்துல பதில் போட்டுர்றேன். நான் ராமநாதபுரத்துல வீட்டுத் தொட்டி செட் பண்ணிக் குடுக்குற ஆளு, தொண்டியிலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் போயி பாத்துட்டு வர்றேன். வெளிநாட்டுக்காரன் வீடியோல சொல்றது பூராம் குளிருக்குப் பயந்து சொல்றது. நமக்குப் பிரச்சினை வெயிலும் புழுக்கமும்தான், அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

தேவிபட்டினத்துலேருந்து: அண்ணே, 60 லிட்டர் தொட்டி, கப்பியும் மோலியும் விட்டிருக்கேன். ஹீட்டர் இல்லாம வளக்கவே கூடாதுன்னு கடையில சொல்றாங்க, வாங்கவா?

வேணாம் தம்பி, அந்தக் காசுல மொதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கு. கப்பி, மோலி, ஃபைட்டருக்கு 24லேருந்து 28 டிகிரி இருந்தா போதும். நம்ம கடக்கரையில மார்கழி தை விடியக்காலையில கூட வீட்டுக்குள்ள இருக்குற தண்ணி ரொம்ப கீழ எறங்காது. டிஸ்கஸ் மீன் வளக்குறவங்க ஹீட்டர் கேட்டா சரி, அதுக்கு 28லேருந்து 30 வேணும். அப்பவும் ஹீட்டருக்கு லிட்டருக்கு 1 வாட்டுன்னு சொல்ற கணக்குல பாதி நமக்குப் போதும், பெரிய ஹீட்டர் ஆஃப் ஆகாம மாட்டிக்கிச்சுன்னா மீன் வெந்துரும்.

ஏர்வாடியிலேருந்து: கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர் 30 காட்டுது, ஆனா கைய விட்டா ஜில்லுனு இருக்கு. எத நம்புறது?

ரெண்டையும் நம்பாதீங்க. நம்ம ஒடம்பு 37 டிகிரி, அதனால 32 டிகிரி தண்ணியும் கைக்கு ஜில்லுனுதான் தெரியும். ஸ்டிக்கர் வெளிக்கண்ணாடியில இருக்கறதால ரூம் சூடும் அதுல கலந்து வரும், குத்துமதிப்புக்கு ஓகே. உள்ள ஒட்டுற கண்ணாடிக் குழாய் இல்லன்னா ஒயரோட சென்சார் தொங்குற டிஜிட்டல், ரெண்டுல ஒன்னு வாங்குங்க. மெடிக்கல்ல விக்கிற காய்ச்சல் தெர்மாமீட்டர் இதுக்கு ஆகாது, அது 35 பக்கம்தான் ஆரம்பிக்கும். வாங்குனதும் ஒரு டம்ளர்ல ஐஸ நுணுக்கிப் போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்தி கலக்கி அதுல முக்கிப் பாருங்க, 0 காட்டணும், 1 காட்டுச்சுன்னா எப்பவும் 1 கழிச்சுக்கங்க.

அப்பறம் எப்ப பாக்குறீங்கங்கறதுதான் முக்கியம். பாதிப் பேரு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து ஒரு தடவ பாத்துட்டு நல்லாருக்குன்னு விட்டுர்றாங்க. விடியக்காலையில லைட் போடுறதுக்கு முன்னாடி ஒன்னு, மத்தியானம் 3 மணிக்கு மேல ஒன்னு, ஒரு வாரம் காலண்டர்லயே எழுதி வைங்க. தண்ணி எப்பவும் 30ல நின்னாக்கூட இந்த மீனுங்க ஓரளவு பழகிக்கும், ஆனா காலையில 27 மத்தியானம் 33னு தெனமும் ஏறி எறங்குனா தாங்காது. சின்னத் தொட்டியில இது ரொம்ப நடக்கும், தண்ணி கம்மியா இருக்குறதால சூடு சீக்கிரம் ஏறும்.

தங்கச்சிமடத்துலேருந்து ஒரு அக்கா: எங்க வீடு சிமெண்டு சீட்டு வீடு. மத்தியானம் தண்ணி 33 காட்டுது, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. என்ன பண்ண?

அக்கா, மொதல்ல காத்து, அப்பறந்தான் குளிர்ச்சி. தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜன் கொறஞ்சுக்கிட்டே போகும். 25 டிகிரியில லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரைக்கும் நிக்கும், 30ல 7.5தான். இது ஒரு பக்கம்னா சூட்டுல மீனுக்கு ஆக்சிஜன் அதிகமா வேற தேவைப்படும். அதனால ஏர் பம்ப நிறுத்தாம ஓட விடுங்க, தண்ணி மேல்மட்டம் நல்லா அலையணும். மத்தியான தீனிய நிறுத்திட்டு காலையில மட்டும் கொஞ்சமா போடுங்க, லைட்ட பகல்ல அணைச்சு வைங்க. தண்ணிக்குள்ள முங்கி ஓடுற மோட்டரும் சூடு கொடுக்குதுங்கறத மறந்துறாதீங்க, 20 வாட் மோட்டர்னா கிட்டத்தட்ட அந்த 20 வாட்டும் கடைசியில தண்ணிக்குள்ளதான் சூடா எறங்கும்.

அடுத்து மூடிய எடுத்துட்டு ஒரு சின்ன ஃபேன தண்ணி மேல படுற மாதிரி சாய்ச்சு வைங்க. மண்பானைத் தண்ணி குளுருற அதே கணக்குதான், தண்ணி ஆவியாகும்போது சூட்டக் கொண்டுபோயிரும். 1 லிட்டர் ஆவியானா 100 லிட்டர் தண்ணிய கணக்குப்படி 5 டிகிரிக்கு மேல எறக்கணும், ஆனா ரூம்லேருந்து சூடு திரும்ப ஏறிக்கிட்டே இருக்குறதால அம்புட்டு கெடைக்காது. அதுலயும் நம்ம ஊர்ல கடல் காத்து அடிச்சா ஈரப்பதம் ஜாஸ்தி, 1 டிகிரி ரெண்டு டிகிரி எறங்குனாலே பெருசு. மேக்கேருந்து காஞ்ச காத்து அடிக்கிற நாள்ல பாருங்க, அதே ஃபேன் நல்லா எறக்கும். ரூம் ஜன்னல தொறந்து வைங்க, ஈரக்காத்து உள்ளயே சுத்துனா ஃபேனால பிரயோஜனம் இல்ல. முடிஞ்சா தொட்டிய மேக்குச் செவத்துலேருந்து நகத்திடுங்க, சாயங்கால வெயில் பூராம் அந்தச் செவத்துலதான் எறங்குது.

மண்டபத்துலேருந்து: ஐஸ் கம்பெனியில ஐஸ் சும்மாவே கெடைக்கும்ணே, அள்ளிப் போட்டுரலாமா?

போடாத மாப்ள! அது படகுல மீன் வைக்கிற ஐஸு, எந்தத் தண்ணியில செஞ்சாங்களோ. ரொம்ப அவசரம்னா வீட்டு ஃப்ரீசர்ல பாட்டில்ல தண்ணி உறைய வச்சு மூடியோட மெதக்க விடு. 1 லிட்டர் பாட்டில் 100 லிட்டர் தண்ணிய சுமார் 1 டிகிரி எறக்கும். அதே பாட்டில 30 லிட்டர் தொட்டியில விட்டா 3 டிகிரிக்கு மேல சர்ருனு எறங்கிரும், அந்த அதிர்ச்சி சூட்ட விட மோசம். மணிக்கு 1 டிகிரிக்கு மேல எறங்க விடாத, பாட்டில இடையில எடுத்துரு.

கீழக்கரையிலேருந்து: காக்கா (எங்க பக்கம் அண்ணன இப்படித்தான் கூப்புடுவோம்), கரண்ட் போனா?

பேட்டரி ஏர் பம்ப் ஒன்னு வாங்கி வைங்க தம்பி, தூண்டில் சாமான் விக்கிற கடையிலயும் கெடைக்கும். அதுவும் இல்லன்னா கப்புல மோந்து ஒரு முழம் ஒசரத்துலேருந்து ஊத்திக்கிட்டே இருங்க, கைதான் வலிக்கும்.

பாம்பன்லேருந்து: மத்தியானம் பாதித் தண்ணி மாத்துனேன், சாயங்காலத்துக்குள்ள நாலு மீன் செத்துப்போச்சு. குளோரின்தானே?

குளோரினும் இருக்கலாம், ஆனா உங்க டேங்க் எங்க இருக்கு? மொட்டமாடி கறுப்பு சின்டெக்ஸ்னா அந்த நேரத்துல பைப்ப தொறந்தா வர்றது வெந்நி. தண்ணி மாத்துறத விடியக்காலைக்கு மாத்துங்க, முந்துன நாள் ராத்திரியே வாளியில புடிச்சு வீட்டுக்குள்ள வச்சிருங்க, காவேரித் தண்ணியா இருந்தா குளோரினும் கொஞ்சம் போயிரும், மிச்சத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு விடுங்க. பாதி வேணாம், கால்வாசி போதும். அதுக்காக வெயில் காலத்துல தண்ணியே மாத்தாமயும் இருக்காதீங்க, சூடு கூடுனா அமோனியாவோட விஷமும் கூடும்.

ராமேஸ்வரத்துலேருந்து: கடல் தண்ணி தொட்டி, க்ளவுன் மீன் ரெண்டு. ஃபேன் போட்டதுலேருந்து தண்ணி வேகமா கொறையுது, கடல் பக்கத்துலயே இருக்கறதால கொண்டாந்து ஊத்திக்கிறேன். அப்படியே பவளப்பாறைத் துண்டு ஒன்னு எடுத்து வைக்கலாமா?

ரெண்டுமே தப்பு. ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளயேதான் கெடக்கும். அதுமேல திரும்பக் கடல் தண்ணி ஊத்துனா லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போகும். கொறஞ்ச அளவுக்கு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, தொட்டியில கோடு போட்டு வச்சுக்கிட்டு தெனமும் கொஞ்சமா ஊத்துனா நல்லது. நல்ல தண்ணி தொட்டிக்காரங்களுக்கும் இதான், போர் தண்ணிய ஊத்தி ஊத்தி நெரப்பாதீங்க.

பவளம் உயிரோட இருந்தாலும் செத்திருந்தாலும் தொடாதீங்க, 2001லேருந்து வன உயிரினச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, கடல் குதிரைக்கும் அந்தச் சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, ஜெயிலுக்குப் போற கேஸு. அது கெடக்கட்டும், மன்னார் வளைகுடாவுலயே 2010லயும் 2016லயும் கடல் சூடு ஏறி பவளம் வெளுத்துப்போச்சு, நம்ம 33 டிகிரி தொட்டியில எப்படிப் பொழைக்கும்? க்ளவுன் மீனு போதும், 26லேருந்து 28ல வைங்க. கடல்ல புடிச்சத வாங்காம, குஞ்சு பொரிச்சு வளத்தத கேட்டு வாங்குங்க. மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அந்த வித்தைய எப்பவோ செஞ்சு காட்டிட்டாங்க.

தொண்டியிலேருந்து: கோல்டு ஃபிஷ்ஷும் ஃபைட்டரும் ஒரே பவுல்ல வைக்கலாமா?

கூடாது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீனு, 20 டிகிரி பக்கம்தான் அதுக்குச் சொகம், நம்ம ஊருக்கு அத வாங்குறதே எனக்குப் புடிக்கல. ஃபைட்டர் மேல வந்து நேரா காத்த இழுத்துக்கும், அதனால சூட்டுல கொஞ்சம் தாக்குப் புடிக்கும். அதுக்கும் பவுல் வேணாம், 15, 20 லிட்டர் தொட்டி குடுங்க.

அதே ஆளு: மூடிய எடுத்தா ஃபைட்டர் துள்ளி வெளிய விழுந்துராதா?

விழும். கொசுவலைய வெட்டி மேல கட்டிருங்க.