இந்த வயசுல யாரு உங்ககிட்ட வருவா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 53 வயசு, திருச்சி. 19 வருஷம் ஒரு ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல வேலை பாத்தேன், முட்டி வலி வந்து போன வருஷம் விட்டுட்டேன். வீட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டாரு. சொந்தத்துல கல்யாணம்னா புடவை எடுக்கறதுல இருந்து பொண்ணுக்கு கட்டிவிடற வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. பர்சனல் ஸ்டைலிஸ்ட்னு சொந்தமா ஆரம்பிக்கணும்னு ஆசை. ஆன்லைன்ல ஒரு கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேக்கறாங்க, சேரட்டுமா? என் பொண்ணு "இந்த வயசுல யாரும்மா உன்கிட்ட வந்து ஸ்டைல் கேப்பா"ன்னு சொல்லிட்டா. அது மனசுல முள்ளு மாதிரி இருக்கு.

பதில்: பொண்ணு சொன்னதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்மா, ஏன்னா கோர்ஸை விட அதுதான் உங்களை தூங்க விடலைன்னு படிக்கும்போதே தெரியுது. கல்யாணத்துல புடவை கட்டிக்கறது பொண்ணு, ஆனா யாரை கூப்பிடறதுன்னு முடிவு பண்றது பெரும்பாலும் அம்மாவோ அத்தையோதான். முப்பதாயிரம் நாப்பதாயிரம் போட்டு எடுத்த முகூர்த்தப் புடவையை வெளியாள் கையில குடுக்கறப்ப அவங்க பாக்கறது ஒண்ணே ஒண்ணு, இந்தக் கை பட்டு பாத்த கையா இல்லையான்னுதான். நீங்க புடவையை விரிச்சு ஜரிகையை தடவிப் பாக்கற விதத்துலயே அவங்களுக்கு அது தெரிஞ்சிடும். நான் இந்த புடவை கட்டிவிடற வேலையை ஆரம்பிக்கறப்ப எனக்கு 49 வயசு, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்யாண வீட்டுலயும் என் வயசை யாரும் கேட்டதில்ல, "எத்தனை மணிக்கு வருவீங்க, ஊசி குத்தாம கட்டுவீங்களா"ன்னு மட்டும்தான் கேட்டிருக்காங்க.

அந்த கோர்ஸ் இப்ப வேணாம். அந்த மாதிரி கோர்ஸ்ல அதிகமா சொல்லிக்குடுக்கறது உடம்பு வாகை ஆப்பிள் பேரிக்காய்னு பிரிச்சு எந்த ஜாக்கெட்டுக்கு எந்த பேன்ட் போடணும்ங்கறது. உங்ககிட்ட வரப்போறவங்க புடவைக்காரங்க. அதோட நம்ம ஊர்ல "உங்களுக்கு எது நல்லா இருக்கும்னு சொல்றேன், அதுக்கு ஆயிரம் ரூபா குடுங்க"ன்னா தர மாட்டாங்க, அத்தை சும்மாவே சொல்லுவாங்களேன்னு போயிடுவாங்க. ஆனா கையால ஒரு வேலையை செஞ்சு கண்ணுக்கு முன்னாடி வெச்சா குடுப்பாங்க, யோசனை அதுக்கு பின்னாடி தானா விலை போகும். அதனால புடவை ப்ரீ ப்ளீட்டிங்ல இருந்து ஆரம்பிங்க. கொசுவமும் முந்தி மடிப்பும் முன்னாடியே எடுத்து ஐயர்ன் பண்ணி பின் குத்தி பெட்டி மாதிரி மடிச்சு குடுத்தா, கட்டிக்கறவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. வேலைக்கு போற பொண்ணுங்க, புடவையே கட்டத் தெரியாத காலேஜ் பிள்ளைங்க எல்லாம் இப்ப இதைத்தான் தேடறாங்க. நல்ல ஐயர்ன் பாக்ஸ், உங்க இடுப்பு உயரத்துக்கு ஒரு டேபிள், கிளிப்பு, நல்ல ஸ்டீல் பின்னு, புடவை கவர், இவ்வளவுதான் முதல். முடிஞ்சா பழைய துணிக்கடை பொம்மை ஒண்ணு, நீங்க வேலை பாத்த லைன்லயே விசாரிச்சா கிடைக்கும்.

வாங்கற அளவு சரியா இருக்கணும். இடுப்பு சுத்தளவு, உயரம், எந்த செருப்பு போடப்போறாங்க, இந்த மூணும் இல்லாம புடவையை வாங்காதீங்க. ரெண்டு இன்ச் ஹீல்ஸ் போட்டு வந்து கொசுவம் தூக்கிக்கிட்டு நின்னா தப்பு நம்ம மேலதான் விழும். ப்ளவுஸ் துணி வெட்டியாச்சா, ஃபால் தைச்சாச்சான்னு கேட்டுட்டு மடிங்க, வெட்டாத புடவையில எடுத்த முந்தி அளவு அப்புறம் மாறிடும். இதெல்லாம் நீங்க கடையில தினம் பாத்ததுதான், எழுதி வெச்சுக்கிட்டா போதும்.

ஒரு விஷயம் மட்டும் என் அனுபவத்துல சொல்றேன், அவசரப்பட்டு படிச்சுட்டு போகாதீங்க. ரெண்டாவது வருஷம் ஒரு பொண்ணோட ரிசப்ஷன் புடவை, ஆர்கன்சான்னு கண்ணாடி மாதிரி மெல்லிசான துணி, முந்தி பூரா வேலைப்பாடு, அதுக்கு முன்னாடி பட்டு பண்ணிக்கிட்டிருந்த அதே சூட்டுல பாக்ஸை வெச்சுட்டேன், முந்தி ஓரம் அப்படியே சுருங்கி பாக்ஸ்ல ஒட்டிக்கிச்சு. புடவை விலை 11,000. அன்னைக்கு ராத்திரியே அவங்க வீட்டுக்கு போய் சொல்லி பணத்தை குடுத்துட்டுதான் வந்தேன், அந்தம்மா திட்டினாங்க, திட்டினதுல நியாயம் இருந்துச்சு, ஆனா ஆறு மாசம் கழிச்சு தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டாங்க. அதுல இருந்து எந்த புடவை வந்தாலும் முதல்ல விரிச்சு நாலு பக்கமும் போட்டோ எடுத்து அவங்களுக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன், கறை கிழிசல் இருந்தா அப்பவே பேசிடலாம். உள்பக்கம் ஒரு ஓரத்துல சூடு சோதிச்சுட்டுதான் மேல கை வெப்பேன். ஜரிகை மேல நேரா பாக்ஸ் கூடவே கூடாது, மெல்லிசா ஒரு பருத்தித் துணி போட்டு கம்மி சூட்டுல. நம்மகிட்ட மடிச்சு வாங்கிட்டுப் போன பட்டுப் புடவையை அப்படியே பீரோவுல மாசக்கணக்கா போட வேணாம்னு கஸ்டமர்கிட்ட சொல்லிடுங்க, பின்னு துரு பிடிச்சா கறை போகாது, ஒரே மடிப்புல கிடந்தா ஜரிகை அங்கேயே ஒடியும்.

ரேட்டு. இதுலதான் நம்ம வயசு பொம்பளைங்க தோத்துப் போறோம். 25 வருஷமா சொந்தக்காரங்களுக்கு சும்மா கட்டிவிட்டு பழகினதால, காசு கேக்க வாயே வர மாட்டேங்குது. முதல் நாள்ல இருந்து கேளுங்கம்மா. அண்ணன் பொண்ணுக்கு சீரா செய்யணும்னா வாயால "இது என் சீர்"னு சொல்லிட்டு செய்ங்க, அப்பதான் மத்தவங்களுக்கு இதுக்கு விலை இருக்குன்னு தெரியும். நான் முதல்ல ஒரு புடவைக்கு 150 வாங்கினேன், இப்ப எங்க ஏரியாவுல சாதாப் புடவைக்கு 300, கனமான பட்டுக்கு 500 வாங்கறேன், மண்டபத்துக்கே போய் கட்டறதுன்னா வேற ரேட், அதுவும் அட்வான்ஸ் பாதி வாங்காம தேதியை எழுத மாட்டேன். நாலரை ஆறு முகூர்த்தம்னா நீங்க ரெண்டு மணிக்கு மண்டபத்துல இருக்கணும், போக வர கார் செலவை அவங்ககிட்ட முன்னாடியே பேசிடுங்க. வீட்டுக்காரர் ரிட்டயர்டுன்னு சொன்னீங்களே, அந்த நேரத்துல கூட வர முடியுமான்னு அவர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாம கை காயும், புரட்டாசியும் கிட்டத்தட்ட அப்படித்தான், தை வைகாசி ஆவணியில சோறு தின்ன நேரம் இருக்காது. இதை மனசுல வெச்சு பணத்தை பிரிச்சு வைக்கணும். ஆடித் தள்ளுபடி நேரத்துல தையில் கல்யாணம் வெச்சிருக்கறவங்களோட என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைங்களுக்கு நீங்களே கூட போங்க, அதுக்கு ஒரு தொகை வாங்குங்க. 19 வருஷம் கவுண்டருக்கு அந்தப்பக்கம் நின்ன ஆளு இந்தப்பக்கம் நிக்கறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய பலம்னு யோசிச்சுப் பாருங்க. உங்க பர்சனல் ஸ்டைலிஸ்ட் ஆசை நிஜமா ஆரம்பிக்கறது இங்கதான். வளைகாப்புக்கு கூப்பிட்டா வயித்துப் பக்கம் பின்னு எதுவும் குத்தாம தளர்வா கட்டப் பழகிக்கோங்க, மூணு மணி நேரம் உக்காந்திருக்கப்போற பொண்ணு. அதோட உங்களுக்கு ஸ்ரீரங்கம் பக்கத்துலயே இருக்கு, ஒம்பது கஜம் மடிசார் கட்டத் தெரிஞ்சா அதுக்கு தனி மதிப்பு. ஐயங்கார் கட்டுல முந்தானை இடது தோள்ல, ஐயர் கட்டுல வலது தோள்ல, மாத்திக் கட்டிட்டா சபையில சங்கடம், அதனால அந்த வீட்டுப் பெரியவங்ககிட்ட உக்காந்து நிதானமா கத்துக்கோங்க. 60,000 ரூபா கோர்ஸை விட அந்த ஒரு மத்தியானம் உங்களுக்கு பிரயோஜனம்.

பேப்பர் வேலை ரொம்ப இல்ல. உத்யம்னு சொல்ற சிறு தொழில் பதிவை ஆதாரை வெச்சு அரசாங்க இணையதளத்துல இலவசமா பண்ணலாம், 2020 ஜூலையில இருந்து இருக்கு, காசு கேக்கற தளம் எல்லாம் இடைத்தரகருங்க. வருஷ வரவு 20 லட்சத்தை தாண்டாத வரைக்கும் இந்த மாதிரி சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்ல. முதலுக்கு கடன் வேணும்னா முத்ராங்கற அரசாங்கக் கடன் திட்டத்துல சிஷுங்கற பிரிவுல 50,000 வரைக்கும் ஜாமீன் இல்லாம குடுக்கறாங்க, ஆனா இப்ப உங்களுக்கு அது வேணாம்னுதான் சொல்லுவேன், பத்து பதினஞ்சாயிரத்துல ஆரம்பிச்சு பாருங்க.

முட்டி வலியை மறக்கல. கொசுவத்தை கீழ சரி பண்ண நாம குனிய வேணாம்மா, பொண்ணை உறுதியான ஒரு பலகை மேல ஏத்தி நிறுத்திட்டு நீங்க சின்ன ஸ்டூல்ல உக்காந்து பண்ணுங்க. நான் அப்படித்தான் பண்றேன், ஸ்டூல் எப்பவும் என் பைக்கு பக்கத்துல இருக்கும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன், 47 வயசு, ப்யூட்டி பார்லர் வெச்சிருந்து கொரோனாவுல மூடினேன். இப்ப கலர் அனாலிசிஸ்னு ஒண்ணு பாக்கறேன், முகத்துகிட்ட கலர் கலரா துணி வெச்சு எந்த நிறம் செட் ஆகும்னு சொல்றாங்களே, அந்த துணி செட் வாங்கி தொழில் பண்ணலாமா?

பதில்: பண்ணலாம், ஆனா அந்த செட்டை வாங்கி இல்ல. 1980கள்ல அமெரிக்காவுல பரவின முறை அது, ஆளை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு நாலு காலமா பிரிப்பாங்க, அதுல பாதி கணக்கு முடி நிறத்தையும் கண் நிறத்தையும் வெச்சுத்தான். நம்ம எல்லாருக்கும் கருப்பு முடி, கருப்பு இல்லன்னா பழுப்பு கண்ணு, அப்புறம் பாதிப் பேரை ஒரே பெட்டிக்குள்ள போட்டுட்டு என்ன பண்றது? உங்க வீட்டு பீரோவுல இருக்கற புடவைங்களையே எடுங்க, அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்லயே இருக்கற அந்த எம்.எஸ். ப்ளூ. வந்தவங்களை ஜன்னல் பக்கத்துல பகல் வெளிச்சத்துல உக்கார வெச்சு ஒவ்வொண்ணா தோள்ல போட்டு கண்ணாடியில அவங்களையே பாக்க விடுங்க. கடை விளக்குல ஒரு நிறம், வெளிய ஒரு நிறம்னு நமக்குத் தெரியும், அதனாலதான் நம்ம அம்மாங்க புடவையை கடை வாசலுக்கு எடுத்துட்டு வந்து பாப்பாங்க. ஊடும் பாவும் வேற வேற நிறமா நெய்த பட்டு போட்டோ லைட்டுல இன்னும் மாறும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக் காட்டிட்டு முடிவு பண்ணச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். "நீங்க கருப்பு, அதனால இந்தக் கலர் வேணாம்"ங்கற வார்த்தை உங்க வாயில இருந்து வரவே கூடாது. எத்தனை பொண்ணுங்க சின்ன வயசுல யாரோ சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால 40 வருஷம் மஞ்சளே கட்டாம இருந்திருக்காங்க தெரியுமா, என்கிட்ட 61 வயசு அம்மா ஒருத்தங்க வந்தாங்க, மாம்பழ மஞ்சளை தோள்ல போட்டதும் அழுதுட்டாங்க. கருத்த தோலுக்கு அடர்த்தியான மஞ்சளும் அரக்கும் எப்படி எடுத்துக் குடுக்கும்னு நம்ம நெசவாளிங்களுக்கு என்னைக்கோ தெரியும்.

கேள்வி: மேடம், நான் ஈரோடு. 58 வயசு, ஆம்பளைங்க சட்டை பேன்ட் தைக்கற டெய்லர். ரெடிமேட் வந்து ஆர்டர் குறைஞ்சு போச்சு. ஸ்டைலிங்னு எல்லாரும் பேசறாங்க, எனக்கு அதுல இடம் இருக்கா?

பதில்: இருக்குண்ணே, மாப்பிள்ளைங்ககிட்ட. பொண்ணுக்கு நாலு பேர் சுத்தி நிப்பாங்க, மாப்பிள்ளை ஒரு ரூம்ல தனியா வேட்டியைப் பிடிச்சுட்டு முழிச்சுட்டு இருப்பாரு, நான் எத்தனையோ மண்டபத்துல பாத்திருக்கேன். ரெடிமேட் ஷெர்வானி தோள்லயும் கையிலயும் யாருக்கும் கச்சிதமா உக்காராது, அதை பிரிச்சு சரி பண்ற கை உங்களுது, முதல் வேலை அதுவே. கூட பஞ்சகச்சம் கட்டக் கத்துக்கோங்க, பத்து முழ வேட்டி ஆறு முழ அங்கவஸ்திரம்னு பத்தாறு வாங்கச் சொல்லுங்க, தலைப்பாகையும் சேத்துக்கோங்க. தைச்ச பஞ்சகச்சம் கடையில கிடைக்குது, வேணும்கறவங்களுக்கு அதையே அவங்க அளவுக்கு நீங்க தைச்சுக் குடுக்கலாம். அக்கம்பக்கத்துல பொண்ணுக்கு புடவை கட்டற ஆள் யாருன்னு விசாரிச்சு அவங்களோட ஒரே ஆர்டரா பேசிக்கோங்க. கட்டி முடிச்சதும் மாப்பிள்ளையை ஒருதரம் கீழ சப்பணம் போட்டு உக்காந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாத்துட்டுதான் ரூமை விட்டு வெளிய அனுப்பணும், ஹோம குண்டத்துக்கு எதிர்ல அவர் ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காரணும்.