தச்சுத் தொழிற்கல்வி: டர்பன் பயிற்றுநரின் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழிற்கல்லூரிப் பட்டறை ஒன்றில் தச்சுவேலை கற்பித்து வருகிறேன். கல்லூரியில் இத்தொழிலைப் படிப்பது பற்றி நம் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): என் மகன் 9ஆம் வகுப்பு முடித்திருக்கிறான். கணக்கு வராது, கைவேலையில் ஆர்வம் உண்டு. எந்தப் படிப்பில் சேர்க்கலாம்?

பதில்: 9ஆம் வகுப்புக்குப் பின் அரசுத் தொழிற்கல்லூரிகளில் சேரக்கூடியது என்.சி.வி. என்னும் தேசியத் தொழிற்சான்றிதழ்ப் படிப்பு. 2, 3, 4 என்று மூன்று நிலைகள், நிலைக்கு ஓராண்டு. கட்டுமானப் பிரிவில் தச்சும் கூரைவேலையும் ஒரு பாடம். அதை விடுத்து, ஒரு முதலாளியிடம் ஒப்பந்தப் பயிலுநராகச் சேர்ந்து, இடையிடையே கல்லூரிக்கு வந்து படிப்பதும் உண்டு. எந்த வழியில் சென்றாலும் தொழில்தேர்வில் தேறியவர்தான் தகுதிபெற்ற தச்சர்; அந்தச் சான்றிதழைத்தான் இங்கே எல்லோரும் ரெட் சீல் என்கிறார்கள். வகுப்புப் பாடம் மட்டும் படித்து முடித்தவர் அந்தத் தகுதியைப் பெற்றவர் ஆகமாட்டார்.

கணக்கு வராது என்பதற்காக மட்டும் அனுப்பாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கூரையின் பாதி அகலம் 3 மீட்டர், சரிவு 30 பாகை என்றால் முகட்டின் உயரம் 1.73 மீட்டரும் சாய்சட்டத்தின் நீளம் 3.46 மீட்டரும் வரவேண்டும். இதைப் பையன் தானே கணக்கிட்டு மரத்தில் கோடிட வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளைகள் சட்டத்தைக் கையில் பிடித்ததும் கணக்கைப் பிடித்துக்கொள்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்க வருபவர்கள் முதல் பருவத்திலேயே துவண்டுபோகிறார்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாதத்தில் தச்சர் சான்றிதழ் தருவதாகவும், இந்த வாரமே பணம் கட்டவேண்டும் என்றும் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்நிறுவனம் உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறையில் பதிவுபெற்றதா, அந்தப் படிப்புக்குத் தொழிற்படிப்புகளின் தரத்தைக் கவனிக்கும் க்யூ.சி.டி.ஓ. அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று நீங்களே நேரில் விசாரியுங்கள். பிறகு பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவருக்கு ஒரு வேலைப்பலகை இருக்கிறதா, உளிகளின் முனை கூராக இருக்கிறதா, தரையில் புதிய சீவல் கிடக்கிறதா என்று பாருங்கள். சீவல் இல்லாத பட்டறையில் பாடம் நடப்பதில்லை.

கேள்வி (டோங்காட்): இருபது ஆண்டுகளாக ஜன்னல், கதவு செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். கையில் ஒரு தாளும் இல்லை. இந்த வயதில் கல்லூரிக்குப் போகவேண்டுமா?

பதில்: முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏ.ஆர்.பி.எல். முறை உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. வேலை செய்த காலத்துக்கான கடிதங்கள், செய்த பொருள்களின் படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, அங்கீகாரம் பெற்ற தேர்வு மையத்தில் விண்ணப்பியுங்கள். குறைவுள்ள பகுதிக்கு மட்டும் பயிற்சி பெற்றபின் தொழில்தேர்வு எழுதலாம். பெரும்பாலும் வரைபடம் வாசிப்பதிலும் அளவுக் கணக்கிலும்தான் அனுபவசாலிகள் தடுமாறுகிறார்கள். அவற்றை முன்கூட்டியே பழகுங்கள்.

தாள் இல்லாததற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. 1922ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டம் விதித்த கல்வித் தகுதி, பள்ளிக்கூடமே எட்டாத நம் முன்னோரைத் தொழிற்பயிற்சியிலிருந்து விலக்கியே வைத்தது. டர்பனில் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி 1946இல் உருவானது அந்தக் குறையைப் போக்கத்தான். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒருவர் தம் செல்வத்தைக் கல்விக்குத் தந்த வரலாறு அது.

கேள்வி (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்): இன்று எல்லாமே மெலமின் பூசிய 16 மில்லிமீட்டர் துகள்பலகைதான். இயந்திரம் அறுக்கிறது, விளிம்பை ஒட்டுகிறது. கையால் மார்ட்டிஸ்–டெனன் இணைப்பு (துளைக்குள் நாக்கைச் செருகுவது) அறுக்க மாதக்கணக்கில் கற்பிப்பது வீண்வேலை அல்லவா?

பதில்: அல்ல. சமையலறை அலமாரி பொருத்துவது நல்ல பிழைப்பு, அதையும் கற்பிக்கிறோம். ஆனால் மெலமின் பலகை நகராத பொருள் என்று எண்ணிப் பழகிய கை, உயிருள்ள மரத்தையும் அப்படியே நடத்தும். கையால் இணைப்பு அறுக்கும்போதுதான் நாரோட்டம் எங்கே திரும்புகிறது என்பது மாணவருக்குப் புரிகிறது.

லெனேசியா வாசகர் மறுமொழி: புரிவதால் என்ன பயன்? டர்பனில் சாலிக்னா என்னும் யூகலிப்டஸ் மரத்தில் செய்த மேசை ஒன்றை வாங்கினேன். இங்கே ஒரே குளிர்காலத்தில் நடுவில் பிளந்தது. காரணம் மட்டமான பசை.

பதில்: பசையைக் குறைசொல்லுமுன் பிளவைக் கூர்ந்து பாருங்கள். ஒட்டுக்கோட்டின் வழியே திறந்திருந்தால் பசை காரணமாகலாம். ஒட்டுக்கோட்டிலிருந்து விலகி நாரின் வழியே ஓடியிருந்தால் பசை மரத்தைவிட உறுதியாக இருந்திருக்கிறது என்று பொருள். குற்றம் மேசையின் அடியில் இருக்கும்.

மெரிபேங்க் வாசகர்: என் தந்தை எல்லா மேசையையும் குறுக்குச் சட்டத்தில் திருகாணி போட்டே இறுக்கினார். டர்பனில் ஒன்றும் பிளக்கவில்லை. ஆகவே லெனேசியா நண்பர் சொல்வதே சரி.

பதில்: உங்கள் தந்தையின் மேசைகள் பிளக்காததற்குக் காரணம், அவை டர்பனை விட்டு நகரவில்லை என்பதே. கடற்கரைக் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் மிகுதி. மரமும் அதற்கேற்ப ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்காலமோ மழையற்றது, காற்று வறண்டது. அங்கே போன மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் பொருட்படுத்தத் தக்கதல்ல. அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது, அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தட்டையாக அறுத்த பலகையில் ஈரப்பதம் நான்கு சதவீதம் இறங்கினால் அகலம் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். 900 மில்லிமீட்டர் மேசையில் அது 9 மில்லிமீட்டர்! அந்த 9 மில்லிமீட்டரைத் திருகாணி விடாமல் பிடித்துக்கொண்டால், மரம் தன் பலவீனமான இடத்தில் கிழியாமல் என்ன செய்யும்?

தீர்வு எளிது. குறுக்குச் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை இட்டுத் திருகாணி போட வேண்டும். அல்லது சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, மரத்தாலான சிறு கொக்கிக் கட்டைகளால் மேல்பலகையைப் பிடிக்க வேண்டும். கதவில் நடுப்பலகையைக் காடிக்குள் பசையின்றி மிதக்கவிடுவதும் இதே காரணத்தால்தான். இந்த ஒரு பாடத்தை முதலாண்டிலேயே மாணவர் கைவழி அறியவேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதங்கள் செலவாகின்றன. மேற்கொண்டு எழுத விரும்பும் இருவரும், மேசையைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் படமெடுத்து அனுப்புங்கள். அதை வைத்துப் பேசலாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் மகள் சேரலாமா? கையுறை வாங்கித் தரட்டுமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் வாளோ துளைக்கருவியோ கையுறையின் ஒரு நூலைப் பற்றினால் கையையே உள்ளிழுக்கும். தொங்கும் கூந்தல், வளையல், தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் வேறுபாடில்லை.

கேள்வி (வெருலம்): ஊரில் பாட்டனார் வேங்கையில் வேலை செய்தாராம். இங்கே அது கிடைக்குமா?

பதில்: அதே பேரினத்தைச் சேர்ந்த கியாட் என்னும் ஆப்பிரிக்க மரம் இங்கே கிடைக்கிறது. நிறமும் மணமும் உங்களுக்குப் பிடிக்கும், சுருக்கம் குறைவு. எனினும் அதன் தூள் மூச்சுக்குழலை உறுத்தும். தம்போட்டி என்னும் உள்ளூர் மரத்தைத் தொடுமுன் பயிற்றுநரிடம் கேளுங்கள். அதன் பால் கண்ணுக்குக் கொடியது.

கேள்வி (ஸ்டாங்கர்): தூசி ஒத்துக்கொள்ளாது, இளைப்பு உண்டு. முகக்கவசம் போதுமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் சேராதீர்கள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்தியது. தூசியை இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சும் அமைப்பு இருக்கவேண்டும். கவசம் அதற்கு அடுத்ததுதான்.

கேள்வி (மூவர்): எந்தக் கல்லூரி சிறந்தது?

பதில்: ஃபீனிக்ஸ் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். பட்டறையைப் பாருங்கள், அங்கீகாரத்தை விசாரியுங்கள். பெயரைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (டர்பன்): முதலில் என்னென்ன கருவிகள் வாங்குவது?

பதில்: 6, 12, 25 மில்லிமீட்டர் உளிகள், ஒரு இழைப்புளி, ஒரு டெனன் வாள், மூலைமட்டம், கோடிடும் கேஜ், தீட்டுக்கல். உளியை 25 பாகையில் சாணைபிடித்து, முனையை மட்டும் 30 பாகையில் தீட்டப் பழகுங்கள். மின்கருவி எதுவும் இப்போது வேண்டாம்; கையுறையும் வேண்டாம்.

கேள்வி (இசிபிங்கோ): கோயில் தேரின் சக்கரம் பழுது. மாணவர்கள் செய்வார்களா?

பதில்: தேர் வேலை என் துறைக்கு வெளியே. அதற்கென்று பயின்ற ஸ்தபதியிடம் கேளுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): கட்டணம் செலுத்த வசதியில்லை.

பதில்: அரசுத் தொழிற்கல்லூரியில் சேரும் மாணவருக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்தின் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மிகாதிருந்தால் விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் இடம் உறுதியாகும்வரை காத்திராமல், விண்ணப்பம் திறந்தவுடன் பெற்றோரின் அடையாள ஆவணங்களுடன் அனுப்பிவிடுங்கள்.