சேணத்தில் உட்கார்ந்து அளவெடுங்கள்: தோல் சாப்ஸ் கேள்வி பதில்

குதிரை ஏறுவோர் காலுக்கு மாட்டும் தோல் உறையைத்தான் சாப்ஸ் என்கிறோம். இடுப்பிலிருந்து பாதம்வரை மூடினால் முழு சாப்ஸ், முழங்காலுக்குக் கீழே மட்டும் சுற்றினால் ஹாஃப் சாப்ஸ். பத்து வருடமாக இவற்றை அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன்பிருந்தே போட்டுக்கொண்டு சவாரி செய்கிறேன். சேர்ந்துபோன கேள்விகளுக்கெல்லாம் இன்று உட்கார்ந்து பதில் எழுதிவிட்டேன்.

கேள்வி (சென்னை, வாரம் இரண்டு நாள் வகுப்பு): அக்கா, சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கெண்டைக்கால் உள்பக்கம் சிவந்து தோல் உரிந்துவிட்டது. முழு சாப்ஸ் வாங்கட்டுமா, ஹாஃப் போதுமா?

பதில்: உங்களைக் கிள்ளுவது அங்கவடி வார், அதாவது பாதம் வைக்கும் வளையத்தைச் சேணத்திலிருந்து தொங்கவிடும் வார். குதிரை டிராட் என்னும் துள்ளோட்டம் போகும்போது ஒவ்வொரு எட்டுக்கும் அந்த வாருக்கும் சேணத்தின் மடிப்புக்கும் நடுவில் உங்கள் சதை சிக்குகிறது. ஹாஃப் சாப்ஸே இதற்குப் போதும். சென்னை வெயிலில் முழு சாப்ஸ் போட்டால் பத்து நிமிடத்தில் தொடை வெந்துவிடும்.

ஒன்று கேட்கவேண்டும். காலில் என்ன போடுகிறீர்கள்? ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் முதல் செலவு அங்கேதான். குதிகால் உயரம் இல்லாத ஷூ அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு போகும். கணுக்கால்வரை வரும், குதிகால் வைத்த பூட்ஸை முதலில் வாங்குங்கள், அப்புறம் அதன்மேல் ஹாஃப் சாப்ஸ்.

கேள்வி (டெக்சஸ், வார இறுதியில் ரான்ச் என்னும் மாட்டுப்பண்ணையில் சவாரி): இங்கே கடையில் ஷாட்கன், பேட்விங், சிங்க்ஸ் என்று அடுக்குகிறார்கள். எனக்கு எது சரி?

பதில்: நீங்கள் இருப்பதே அந்த ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாப்ஸ் என்ற பெயர் ஸ்பானிய மொழியின் 'சாப்பரேராஸ்' என்பதிலிருந்து வந்தது. சாப்பரோ என்பது அடர்ந்த முட்புதர். மெக்சிகோவின் மாட்டுக்காரர்கள் அந்தப் புதருக்குள் மாட்டைத் துரத்தும்போது கால் கிழியாமல் இருக்கக் கட்டியதை அமெரிக்கக் கௌபாய்கள் கற்றுக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் வெயில், பனி, முள் எல்லாம் மாறியபடி வடிவமும் மாறியது.

ஷாட்கன் இரண்டு நேர்க்குழாய்போல இருக்கும். இரட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். வெளிப்பக்கம் நெடுக ஜிப் இருக்கும், காற்று உள்ளே போகாது, குளிருக்கு நல்லது. பேட்விங் ஓரத்தில் அகலமாக விரிந்து, தொடைப் பக்கம் மட்டும் கொக்கியால் மாட்டிக்கொள்வது. கீழே திறந்திருப்பதால் காற்றோட்டம் உண்டு, பூட்ஸைக் கழற்றாமலே போடலாம். சிங்க்ஸ் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும், ஓரத்தில் தோல் குஞ்சம் தொங்கும். ஆட்டு ரோமத்தோடு வரும் வூலிஸும் உண்டு. அது மொன்டானா பக்கத்துக் குளிருக்கு, உங்களுக்கு வேண்டாம்.

டெக்சஸ் கோடையில் முட்புதர் பக்கம் அதிகம் போகமாட்டீர்கள் என்றால் சிங்க்ஸ். புதருக்குள் மாடு துரத்துகிறீர்கள் என்றால் பேட்விங். ஷாட்கன் பார்க்க அழகு. ஆனால் அழகுக்காக வாங்கியவர்கள் பலர் ஜூலையில் அதை ஆணியில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தடிமனான தோல்தானே நீண்ட நாள் உழைக்கும்? 3 மி.மீ. தோலில் தைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 3 மி.மீ. தோல் பெல்ட்டுக்கு ஆகும். காலில் மாட்டினால் முழங்கால் மடங்காது, சேணத்தை உணரவும் முடியாது. முழு சாப்ஸுக்கு 1.6 முதல் 2 மி.மீ. வரை, ஹாஃப் சாப்ஸுக்கு 1.2 முதல் 1.4 மி.மீ. வரை இருந்தால் தாராளம். அமெரிக்காவில் தோல் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, சுமார் 0.4 மி.மீ. நாலு, ஐந்து அவுன்ஸ் என்று யாராவது சொன்னால் இப்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உழைப்பு எந்த அடுக்கிலிருந்து வெட்டினார்கள் என்பதில் இருக்கிறது. தோலின் மேற்பரப்பை ஒட்டித்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். கீழே போகப் போக நார் தளர்ந்துவிடும். மேல் அடுக்கு கெடாமல் இருந்தால் ஃபுல் கிரெய்ன். கீழ் அடுக்கை மட்டும் பிரித்தெடுத்தது ஸ்ப்ளிட். மலிவான ஸ்வேட், அதாவது பளபளப்பில்லாமல் பூம்பூமென்று இருக்கும் தோல், பெரும்பாலும் இந்த ஸ்ப்ளிட்தான். தொட்டால் மெத்தென்று இருக்கும், அங்கவடி வார் உரசும் இடத்தில் சீக்கிரம் வழுக்கையாகிவிடும். சொரசொரப்பும் வேண்டும், பலமும் வேண்டும் என்றால் ஃபுல் கிரெய்ன் தோலையே திருப்பிப் போட்டு, உள்பக்கம் வெளியே தெரியத் தைக்கச் சொல்லுங்கள். நான் எனக்குப் போடுவது அதுதான்.

கடையில் ஒரு சின்னச் சோதனை: தோலின் பளபளப்புப் பக்கம் உள்ளே போகும்படி விரலால் மடியுங்கள். மெல்லிய, நெருக்கமான சுருக்கம் விழுந்தால் நல்ல இடத்துத் தோல். மேல்தோல் மட்டும் தனியாகக் கழன்றதுபோல் பெரிய பெரிய மடிப்பாக எழுந்தால் அது வயிற்றுப்பக்கத்துத் தோல். நான்கு மாதத்தில் இழுபட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும்.

கேள்வி (வேலூர்): நம்ம பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கிடைக்கிறது. அதில் தைத்தால் என்ன?

பதில்: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலின் வாசனையே தனி. ஆனால் சாப்ஸ் முழுவதும் அதில் தைக்காதீர்கள். பட்டையில் பதனிட்டது விறைப்பாக நிற்கும், வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இடுப்புப்பட்டிக்கும் கொக்கி வார்களுக்கும் அதுதான் வேண்டும். கால் பகுதிக்கு க்ரோம் உப்பில் பதனிட்ட தோல். அது வளையும், வியர்வையும் தண்ணீரும் பட்டாலும் பட்டைத்தோல் அளவுக்கு விறைக்காது. எது எது என்று தெரியவேண்டும் என்றால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத்தோல் உள்ளேயும் பழுப்பாக இருக்கும். க்ரோம் தோலில் சாயம் ஊடுருவாத நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும்.

நான் தோல் எடுப்பது சென்னைப் பெரியமேட்டில். சதுர அடிக் கணக்கில் விற்பார்கள், அளவு தோலின் பின்பக்கம் எழுதியிருக்கும். இரண்டு காலும் ஒரே தோலிலிருந்து, ஒரே பகுதியிலிருந்து, ஒரே திசையில் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் நீளும். மீதித் துண்டில் இன்னொரு காலைச் சமாளித்துவிடலாம் என்று தைப்பவர் நினைத்தால் அந்தச் சிக்கனம் உங்கள் காலில் தெரியும்.

கேள்வி (கோயம்புத்தூர்): வெளியூர்க்காரரிடம் ஆர்டர் கொடுக்கிறேன். அளவு எப்படி எடுத்து அனுப்புவது? தையல்காரர் பேன்ட்டுக்கு எடுத்த அளவு இருக்கிறது.

பதில்: அந்தச் சீட்டைத் தூக்கிப் போடுங்கள். பேன்ட் நிற்கும் ஆளுக்குத் தைப்பது, சாப்ஸ் உட்காரும் ஆளுக்கு. என்னிடம் திரும்பி வரும் பத்து சாப்ஸில் எட்டு இந்தக் குழப்பத்தால் வந்தவைதான்.

சவாரிக்குப் போடும் பேன்ட், பூட்ஸ் இரண்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். சவாரி முடித்துவந்த மாலையில் எடுத்தால் இன்னும் நல்லது, கெண்டைக்கால் அப்போது லேசாகப் பருத்திருக்கும். ஹாஃப் சாப்ஸ் என்றால் நாற்காலியில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து பூட்ஸின் குதிகால் தொடங்கும் இடம்வரை உயரம். பிறகு கெண்டைக்காலின் பருத்த இடத்துச் சுற்றளவு, முழங்காலுக்கு அடியில் சுற்றளவு, பூட்ஸோடு கணுக்கால் சுற்றளவு. இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள். அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் பயப்படாதீர்கள், பலருக்கும் அப்படித்தான்.

முழு சாப்ஸுக்கு பெல்ட் உட்காரும் இடத்தில் இடுப்புச் சுற்றளவு, தொடையின் மேல்பக்கம், நடுத்தொடை, மடித்த முழங்கால், பூட்ஸோடு கெண்டைக்கால். வெளிநீளம் பெல்ட்டிலிருந்து குதிகால் தரையைத் தொடும் இடம்வரை. நிற்கும்போது சாப்ஸ் தரையைத் தொடுவதுபோல் தொங்கினால்தான் சேணத்தில் ஏறியதும் பூட்ஸ்மேல் சரியாக வந்து நிற்கும். நிற்கும்போது அழகாக இருந்தால் ஏறியதும் கணுக்கால் தெரியும்.

இன்னும் உறுதியாக இருக்கவேண்டுமா? உங்கள் ஊர் தையல்காரரிடம் காடாத்துணியில் ஒரு மாதிரி தைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டு நிஜச் சேணத்தில் உட்கார்ந்து, இழுக்கும் இடத்திலும் தொங்கும் இடத்திலும் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, அந்தத் துணியையே கூரியரில் அனுப்பிவிடுங்கள். எனக்கு இப்படி ஒரு பார்சல் வந்தால் அன்று பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: எனக்குத் தொடை பெரிது, இடுப்பு சிறிது. ரெடிமேடில் எதுவுமே சேரவில்லை. அக்கா, சங்கடமாக இருக்கிறது.

பதில்: சங்கடம் எதற்கு? ரெடிமேடில் ஒரு இடுப்புக்கு ஒரு தொடை என்று கம்பெனிக்காரர் முடிவு செய்துவிடுகிறார். சொல்லித் தைப்பதே அதற்காகத்தான். இடுப்புப்பட்டியைப் பின்னால் இரண்டு துண்டாக வைத்து நடுவில் தோல் கயிறு கோத்துக் கட்டச் சொல்லுங்கள், ஏற்றி இறக்கலாம். தொடையில் மட்டும் சற்றுப் பிடிப்பாகவே இருக்கட்டும். தோல் உங்கள் உடம்புக்கு இளகிக் கொடுக்கும். முதல் நாளே தளர்வாக இருந்தால் ஆறு மாதத்தில் சுழலும்.

கேள்வி: புது ஹாஃப் சாப்ஸ் முழங்கால் பின்பக்கம் குத்துகிறது. தைத்தவர் தப்பாகத் தைத்துவிட்டாரா?

பதில்: எவ்வளவு குத்துகிறது என்பதைப் பொறுத்தது. புதிதில் அரை அங்குலம் உயரமாக இருப்பதுதான் சரி. கணுக்கால் பக்கம் மடிப்பு விழுந்து அது கீழே இறங்கும். நான்கைந்து சவாரி பொறுங்கள். அதற்குள் வீட்டில் போட்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். ரத்தம் கட்டும் அளவுக்கு என்றால் அளவுதான் பிசகு, திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ஜிப் உள்பக்கமா வெளிப்பக்கமா?

பதில்: வெளிப்பக்கம். உள்ளே இருந்தால் குதிரையின் விலாவையும் சேணத்தையும் பிறாண்டும். சிரிக்காதீர்கள், இடம் வலம் மாற்றிப் போட்டு முழு வகுப்பையும் ஓட்டியவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை.

கேள்வி (டெக்சஸ்காரரே மறுபடி): பழைய சாப்ஸ் ஒன்று கிடைத்தது. முன்னால் இரண்டு பாதியையும் சேர்ப்பது மெல்லிய தோல் கயிறுதான், அதுவும் நைந்திருக்கிறது. நல்ல இரும்புக் கொக்கி போட்டுவிடட்டுமா?

பதில்: போடாதீர்கள்! இத்தனை கேள்வியிலும் இதற்குத்தான் நான் அவசரமாகப் பதில் எழுதினேன். அந்தக் கயிறு அறுவதற்கென்றே வைத்தது. உங்கள் சேணத்தின் முன்னால் கொம்புபோல் ஹார்ன் நிற்கிறது அல்லவா? குதிரை துள்ளும்போது நீங்கள் முன்னால் சாய்ந்தால் சாப்ஸின் முன்பட்டி அதில் மாட்டிக்கொள்ளும். கயிறு என்றால் பட்டென்று அறுந்து விடுவிக்கும். இரும்புக் கொக்கி என்றால் துள்ளும் குதிரையோடு உங்களைக் கட்டிவைத்த மாதிரிதான். நைந்த கயிற்றை எடுத்துவிட்டு அதேபோல் மெல்லிய கயிறு கோத்துக்கொள்ளுங்கள். கையால் வெடுக்கென்று இழுத்தால் அறவேண்டும், அதுதான் கணக்கு. இறுக்கிக் கட்டும் பக்கிள் முதுகுப் பக்கமோ விலாப் பக்கமோ இருக்கட்டும்.

கேள்வி (பெங்களூரு): பைக்குக்கு வாங்கிய லெதர் சாப்ஸ் சும்மா கிடக்கிறது. குதிரைக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. அதன் தையலும் உள்துணியும் பைக் சீட்டுக்கு ஏற்றவை. சேணத்தில் வழுக்கும், உள்தொடைத் தையல் அழுத்தும்.

கேள்வி: ஜிப்பும் தையலும்தான் முதலில் போகிறது. ஆர்டர் கொடுக்கும்போது என்ன சொல்லவேண்டும்?

பதில்: ஒரு முறை ஆன்லைனில் வாங்கிய ஜோடி எனக்கே மூன்றாவது மாதம் நடுச்சவாரியில் வாயைப் பிளந்தது. தோல் புதிதுபோல இருந்தது, ஜிப் மட்டும் பல் இளித்தது. அன்றிலிருந்து ஜிப்பில் கஞ்சத்தனம் கிடையாது. ஒய்.கே.கே. மாதிரி பெயர் தெரிந்த ஜிப், முழு சாப்ஸுக்குப் பெரிய பல். மேல்நுனியில் ஒரு ஸ்னாப் பட்டன் வைத்த பட்டி இருந்தால் ஜிப் தானாக இறங்காது. நூல் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். தையலை ரொம்ப நெருக்கமாகப் போடச் சொல்லாதீர்கள், தபால்தலை ஓரம்போல் ஓட்டை வரிசையாகி தோல் அங்கேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறேழு தையல் போதும்.

கேள்வி (ஊட்டி): மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்ய?

பதில்: வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள், நிழலில் காற்றாட விடுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ வெயிலிலோ வைத்தால் அப்பளம். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் குதிரையின் வியர்வை உப்பைத் துடைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை வராது. எண்ணெயை மாதக்கணக்கில் ஒரு தடவை, கொஞ்சமாக. சொட்டச் சொட்டத் தடவினால் தோல் தளர்ந்து அளவே மாறிவிடும். ஸ்வேட் என்றால் எண்ணெயே கூடாது, பிரஷ் மட்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைக்காதீர்கள், பழைய தலையணை உறை போதும்.

கேள்வி: பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் அளவெடுத்துத் தைக்கலாமா?

பதில்: தைக்கிறவள் நான், வேண்டாம் என்கிறேன். அடுத்த வருடம் அவன் கால் வேறு கால். எலாஸ்டிக் வைத்த, துவைக்கக்கூடிய சிந்தெடிக் ஹாஃப் சாப்ஸ் வாங்குங்கள். ரெக்சினில் மட்டும் வேண்டாம், உரிந்து பேன்ட்டெல்லாம் ஒட்டும். வகுப்பில் பெரிய பிள்ளை யாராவது இருந்தால் அவன் கழற்றிப் போட்டதைக் கேட்டு வாங்கினாலும் தப்பில்லை. வாங்கும்போது உள்கெண்டைக்கால் பக்கமும் ஜிப்பின் கடைசி இரண்டு அங்குலமும் மட்டும் பாருங்கள், போவது அங்கேதான்.