ஓடுபாதையில் முறிந்த கால்: அந்தத் தாளில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: தங்கச்சியைப் பார்க்க அம்மா பிரான்சுக்குப் போன விமானம், அங்கே தரையிறங்கும்போது முன்சக்கரம் மடங்கி, ஓடுபாதையில் உரசிக்கொண்டு போய் நின்றது. அவசரச் சறுக்கில் இறங்கிய அம்மாவுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியும் இரவில் நித்திரை இல்லை. ‘பிழை சக்கரம் செய்த கம்பனியுடையது, மனிதாபிமானமாக ஒரு தொகை தருகிறோம்’ என்று விமான நிறுவனம் தாள் ஒன்று அனுப்பியிருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், முள்ளியவளை

பதில்: தம்பி, இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருந்தால், அம்மாவின் உரிமை அதோடு முடிந்துவிடும்.

இதற்குரிய சட்டம், நாடுகளுக்கிடையிலான விமானப் பயணத்துக்கான 1999 மொன்றியல் உடன்படிக்கை. 2019 முதல் இலங்கையும் அதில் இருக்கிறது. விமானத்துக்குள்ளோ, ஏறி இறங்கும்போதோ நடந்த விபத்தில் உடற்காயம் பட்டால், யார் பிழை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. 2024 டிசம்பர் 28க்குப் பின் நடந்த விபத்தென்றால் 1,51,880 எஸ்.டி.ஆர் வரை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) ‘எங்கள் தவறில்லை’ என்று நிறுவனம் தப்ப முடியாது. சக்கரக் கம்பனியைக் காட்டுவதெல்லாம் அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான் உதவும். ஆனால் ஒன்று: பையைத் தூக்கிக்கொண்டு சறுக்கினாரா என்று கேட்பார்கள். காயத்துக்கு அதுவும் காரணம் என்று காட்டினால் தொகையைக் குறைக்கலாம். அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு, நடந்ததை இப்போதே எழுதி வையுங்கள்.

நித்திரையில்லாததுதான் சிக்கலான பகுதி. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உடற்காயமில்லாத வெறும் பயத்துக்கு இழப்பீடு இல்லை என்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வேறு வழியில் போனது: விமானத்திலிருந்து அவசரமாக இறங்கியபோது எஞ்சின் காற்றில் தூக்கி எறியப்பட்ட பெண்ணின் மனப் பாதிப்பு, மருத்துவரீதியாக நிரூபிக்கப்பட்டால் உடற்காயத்துக்குச் சமம் என்றது. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டி வாதாடலாம். அம்மாவுக்குக் கால் முறிவும் இருப்பதால் நிலை இன்னும் பலமானது.

வன்னியில் கிபிர் போர் விமானச் சத்தத்துக்கு பங்கருக்குள் ஓடிய தலைமுறை அவர். ‘இது யுத்தகாலப் பயம்’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். எனக்கு அதுதான் கவலை. ஆகவே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். விபத்துக்கு முன் எப்படி இருந்தார், பின் என்ன மாறியது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துச் சிட்டை எதையும் எறிய வேண்டாம்.

வழக்குக்காகப் பிரான்சுக்கு ஓட வேண்டியதில்லை. கட்டுநாயக்கவில் தொடங்கி அங்கேயே முடியும் போய்வரும் ஒரே டிக்கெட் என்றால், சட்டப்படி சேருமிடம் இலங்கைதான். இங்கேயே வழக்குப் போடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், பிந்தினால் உரிமையே போய்விடும்.

டிக்கெட்டையும் அந்தத் தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு, விமான வழக்கு பார்த்த சட்டத்தரணி ஒருவரை இந்த மாதமே சந்தியுங்கள்.